முக்கால் கிலோ ஹெலிகாப்டர்: பாகங்கள் எங்கிருந்து வருகின்றன?

புது தில்லி: செங்கோட்டைக்கு எதிரே, சாந்தினி சௌக் தொடங்கும் இடத்தில், மின்னணுப் பொருள்களுக்கும் உதிரிபாகங்களுக்கும் பெயர் பெற்ற லஜபதிராய் மார்க்கெட் இருக்கிறது. ஆண்டுதோறும் சுதந்திர தினம் நெருங்கும்போது தில்லி போலீஸார் ஒரு தடையுத்தரவைப் பிறப்பிப்பது வழக்கம். பாராகிளைடர், வெப்பக் காற்று பலூன், ட்ரோன், தொலைவிலிருந்து இயக்கப்படும் சிறு விமானம் ஆகியவை தலைநகரின் வானில் பறக்கக் கூடாது என்பதே அந்த உத்தரவின் சாரம். மின்சாரத்தில் இயங்கும் சிறிய ஹெலிகாப்டர் ஒன்றைத் தன் கையாலேயே கட்டிப் பார்க்க விரும்பும் பொறியியல் மாணவருக்குக் கடைவீதியும் தடையுத்தரவும் ஒரே சாலையின் இரு புறங்களில் நிற்கின்றன.

இந்த மாணவரின் முயற்சியைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 2009-ல் வெளியான "3 இடியட்ஸ்' திரைப்படத்தில், தான் உருவாக்கிய சிறு ஹெலிகாப்டரை முடிக்க அவகாசம் மறுக்கப்பட்ட மாணவன் தற்கொலை செய்துகொள்ளும் காட்சி நாடெங்கும் பேசப்பட்டது. அப்படத்தில் பறந்த கருவியைத் தந்தவர்கள், மும்பை ஐ.ஐ.டி.யில் பயின்றவர்கள் 2007-ல் தொடங்கிய "ஐடியாஃபோர்ஜ்' நிறுவனத்தினர். பின்னாளில் ராணுவத்துக்கு ட்ரோன்களை வழங்கிய அந்நிறுவனம், 2023 ஜூலையில் பங்குச் சந்தையிலும் இடம்பெற்றது. கல்லூரி மேஜையிலிருந்து பாதுகாப்புத் துறை வரையிலான தூரம் நினைப்பதைவிடக் குறைவு என்பதற்கு இது ஓர் உதாரணம்.

எனவே, அந்த மேஜையின் மீது பரப்பப்படும் பாகங்கள் எவை, அவற்றை எப்படித் தேர்ந்தெடுப்பது, அவை எந்த நாட்டிலிருந்து வருகின்றன, சட்டம் அவற்றை எவ்வாறு பார்க்கிறது என்ற நான்கு கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை.

அளவே முதல் முடிவு

மாதிரி ஹெலிகாப்டர்கள் பொதுவாக அவற்றின் இறக்கை நீளத்தை ஒட்டி வகைப்படுத்தப்படுகின்றன. பரவலாக அறியப்பட்ட "450' வகையில் ஒவ்வோர் இறக்கையும் ஏறத்தாழ 325 மில்லிமீட்டர் நீளம் கொண்டது. சுழலியின் விட்டம் சுமார் 70 சென்டிமீட்டர். பேட்டரியையும் சேர்த்து எடை முக்கால் கிலோ அளவில் இருக்கும். தைவானின் அலைன் நிறுவனம் அறிமுகப்படுத்திய "டி-ரெக்ஸ் 450' இந்த அளவை உலகெங்கும் பிரபலமாக்கியது. இதைவிடப் பெரிய "700' வகையில் இறக்கை நீளம் சுமார் 700 மில்லிமீட்டர், எடை சுமார் 5 கிலோ.

இந்த வேறுபாடு பொறியியலோடு நின்றுவிடுவதில்லை. 2021 ஆகஸ்ட் 25-ல் அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகள், ஆளில்லா வானூர்திகளை எடையைக் கொண்டே ஐந்தாகப் பிரிக்கின்றன. 250 கிராம் வரை "நானோ', அதற்கு மேல் 2 கிலோ வரை "மைக்ரோ', 25 கிலோ வரை "சிறியது', 150 கிலோ வரை "நடுத்தரம்', அதற்கும் மேல் "பெரியது'. வர்த்தக நோக்கமின்றி மைக்ரோ வகையை இயக்குபவருக்கு விமானிச் சான்றிதழ் தேவையில்லை. 5 கிலோ ஹெலிகாப்டரோ "சிறியது' என்ற அடுத்த வகைக்குள் போய்விடும். ஆக, இறக்கையின் நீளத்தை முடிவு செய்யும் கணத்திலேயே தனக்குப் பொருந்தும் சட்டப் பிரிவையும் மாணவர் முடிவு செய்துவிடுகிறார்.

ஆராய்ச்சிக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டப்படும் மாதிரி வானூர்திகளுக்குத் தகுதிச் சான்று பெறுவதிலிருந்து அதே விதிகள் விலக்களித்துள்ளன. 2014 அக்டோபரில் சிவில் விமானப் போக்குவரத்து தலைமை இயக்குநரகம் வெளியிட்ட பொது அறிவிப்பு, ஆளில்லா வானூர்திகளைப் பொதுமக்கள் பயன்படுத்துவதையே ஏறத்தாழ முடக்கிப் போட்டிருந்தது என்பதை நினைவுகூர்ந்தால், இந்தத் தளர்வின் அருமை விளங்கும்.

மோட்டாரும் பற்சக்கரமும்

அளவு முடிவானதும் அடுத்து வருவது மோட்டார். கார்பன் பிரஷ்கள் கொண்ட பழைய மோட்டார்களின் இடத்தைப் பிரஷ் இல்லா மோட்டார்கள் பிடித்துக்கொண்டு பல ஆண்டுகள் ஆகின்றன. இவற்றைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது "கே.வி.' எண். ஒரு வோல்ட் மின்னழுத்தத்துக்குச் சுமை இல்லாத நிலையில் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதே இதன் பொருள். கிலோவோல்ட் என்பதன் சுருக்கம் அல்ல.

450 வகையில் வழக்கமான கணக்கு இது. மோட்டாரின் கே.வி. 3,500. மூன்று செல்கள் கொண்ட பேட்டரியின் மின்னழுத்தம் 11.1 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் நிமிடத்துக்கு 38,850 சுற்றுகள். மோட்டார் அச்சில் 11 பற்கள் கொண்ட சிறு பற்சக்கரமும், சுழலியின் அச்சில் 150 பற்கள் கொண்ட பெரிய பற்சக்கரமும் இருந்தால், சுழலிக்கு நிமிடத்துக்குச் சுமார் 2,850 சுற்றுகள் கிடைக்க வேண்டும். சுமையின் கீழ் 15 சதவீதம் குறையும் எனக் கொண்டால் சுமார் 2,400 சுற்றுகள் மிஞ்சும். 11 பற்களுக்குப் பதில் 13 பற்கள் கொண்ட சக்கரத்தைப் பொருத்தினால் இதுவே 2,850-ஐத் தாண்டிவிடும். சில ரூபாய் மதிப்புள்ள ஒரு பித்தளைச் சக்கரம், நிதானமாகப் பறக்கும் கருவியைக் கட்டுக்கடங்காத கருவியாக மாற்றிவிடக் கூடும். தொடக்கநிலையில் இருப்பவர் குறைந்த பற்களைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை.

மோட்டாரின் உள்ளே இருப்பவை நியோடிமியம், இரும்பு, போரான் கலந்த வலிமை மிக்க காந்தங்கள். அரிய மண் தனிமங்களைச் சுத்திகரிப்பதிலும், அவற்றிலிருந்து காந்தம் செய்வதிலும் சீனாவின் ஆதிக்கம் வெளிப்படையானது. 2025 ஏப்ரலில் ஏழு வகை அரிய மண் தனிமங்களுக்கும் அவை சார்ந்த காந்தங்களுக்கும் அந்நாடு ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தபோது, இந்திய மோட்டார் வாகனத் துறை திகைத்து நின்றது. மூலப்பொருளான மோனசைட் மணல் நம்மிடம் இல்லாமல் இல்லை. கேரளத்தின் சவராவிலும், கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலும் மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் கடற்கரைக் கனிம மணலைப் பல பதிற்றாண்டுகளாகப் பிரித்தெடுத்து வருகிறது. மணல் இங்கே, காந்தம் அங்கே என்ற நிலைமையை மாற்றுவதற்காக 7,280 கோடி ரூபாய் திட்டம் ஒன்றுக்கு மத்திய அமைச்சரவை 2025 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. ஆண்டுக்கு 6,000 டன் காந்த உற்பத்தித் திறனை உருவாக்குவது அதன் இலக்கு.

பேட்டரி: சக்தியும் ஆபத்தும்

இந்த வகை ஹெலிகாப்டருக்கு உகந்தது 2,200 மில்லி ஆம்பியர்-மணி திறன் கொண்ட லித்தியம் பாலிமர் பேட்டரி. அதன் மேலுறையில் "25 சி' என்பது போன்ற ஓர் எண் இருக்கும். திறனை இந்த எண்ணால் பெருக்கினால், பேட்டரி தொடர்ந்து தரக்கூடிய மின்னோட்டம் தெரியும். 2.2 ஆம்பியரை 25-ஆல் பெருக்க 55 ஆம்பியர் கிடைக்கிறது. மோட்டாருக்கு மின்சாரத்தைப் பங்கிட்டுத் தரும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 35 அல்லது 40 ஆம்பியர் தாங்குவதாக இருந்தால், பேட்டரிக்குப் போதிய உபரி இருக்கும். உறையில் அச்சிடப்பட்ட எண் எப்போதும் மெய்யல்ல என்பதால் இந்த உபரி அவசியமாகிறது.

பறக்கும் நேரத்தையும் முன்கூட்டியே கணக்கிடலாம். பேட்டரியில் 80 சதவீதத்துக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்பது பொது விதி. அதன்படி 1.76 ஆம்பியர்-மணி கையில் இருக்கிறது. சராசரியாக 15 ஆம்பியர் செலவானால் 7 நிமிடம் பறக்கலாம். கூடுதல் நேரம் வேண்டுமென்று பெரிய பேட்டரியை ஏற்றினால் எடை கூடும். எடை கூடினால் செலவாகும் மின்னோட்டமும் கூடும். ஏற்றிய திறன் முழுவதும் நேரமாகத் திரும்பி வருவதில்லை.

ஒவ்வொரு செல்லையும் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றுவதும், 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்குவதும் ஆபத்து. வீங்கிய பேட்டரியை மீண்டும் சார்ஜ் செய்வது தீ விபத்தை அழைப்பதற்கு ஒப்பாகும். செல்களைச் சமன் செய்யும் சார்ஜரையே பயன்படுத்த வேண்டும். தீப்பிடிக்காத தளத்தில் வைத்து, ஆள் அருகில் இருக்கும்போதே சார்ஜ் செய்ய வேண்டும். வாரக்கணக்கில் சும்மா வைப்பதாக இருந்தால் செல் ஒன்றுக்கு 3.8 வோல்ட் அளவில் வைப்பது நல்லது. விமானப் பயணத்தில் 100 வாட்-மணி என்பது முக்கிய எல்லை. 450 வகையின் பேட்டரி சுமார் 24 வாட்-மணிதான். ஆறு செல்கள் கொண்ட 5,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியோ 111 வாட்-மணியை எட்டிவிடுவதால், அதற்கு விமான நிறுவனத்தின் முன் அனுமதி தேவை.

லித்தியம் செல் உற்பத்தியிலும் முதலிடம் சீனாவுக்கே. உயர்திறன் செல்களை உள்நாட்டிலேயே தயாரிக்க 18,100 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்தை மத்திய அரசு 2021 மே மாதத்தில் அறிவித்தது. ஆனால் அத்திட்டத்தின் பார்வை மின் வாகனங்களின் மீதும் மின் சேமிப்பு நிலையங்களின் மீதும்தான் பெரிதும் இருந்தது. விரலளவு தடிமனில், நொடியில் பெருமின்னோட்டத்தைக் கொட்டும் சிறிய பைவடிவ செல்லுக்கான சந்தை அதில் மிகச் சிறிய பகுதியே.

ஏன் ஹெலிகாப்டர்?

நான்கு சுழலிகள் கொண்ட ட்ரோன் எளிதாகக் கிடைக்கும்போது, இத்தனை நுட்பமான ஹெலிகாப்டர் எதற்கு என்ற கேள்வி எழலாம். ட்ரோனின் இறக்கைகள் நிலையான சாய்வு கொண்டவை. மோட்டார்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் மட்டுமே அது திரும்புகிறது. ஹெலிகாப்டரிலோ சுழலியின் வேகம் ஏறத்தாழ மாறாமல் இருக்க, இறக்கைகளின் சாய்வே மாறுகிறது. சுழலியின் அச்சைச் சுற்றியுள்ள "ஸ்வாஷ் பிளேட்' என்ற சாய்தட்டை மூன்று செர்வோ மோட்டார்கள் தாங்கி நிற்கின்றன. மூன்றும் சேர்ந்து உயர்த்தினால் கருவி எழும்பும். ஒன்றை மட்டும் தாழ்த்தினால் அத்திசையில் சாயும். நான்காவது செர்வோ வால் சுழலியைக் கவனித்துக்கொள்கிறது. அது மற்றவற்றைவிட வேகமாக இயங்குவதாக இருக்க வேண்டும். வால் செர்வோவில் சிக்கனம் பார்த்தவரின் ஹெலிகாப்டர் தன்னைத் தானே சுற்றிக்கொண்டு தரையில் விழும்.

இன்னொரு சிறப்பும் உண்டு. மோட்டார் நின்றுபோனால் சாதாரண நான்கு சுழலி ட்ரோன் கல்லைப் போல் விழும். ஹெலிகாப்டரிலோ இறங்கும்போது கீழிருந்து வரும் காற்றே சுழலியைச் சுழல வைக்கிறது. தரையை நெருங்கும்போது இறக்கையின் சாய்வைக் கூட்டி, சுழலியில் சேமித்திருந்த வேகத்தைக் கொண்டு மெதுவாக இறங்கலாம். மனிதர் பயணிக்கும் ஹெலிகாப்டரின் விமானிக்குக் கற்றுத் தரப்படும் அதே உத்தி இது. பெரிய பற்சக்கரத்தில் ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் பேரிங் பொருத்தியிருந்தால்தான் இது சாத்தியம். பாகங்களை வாங்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடைமுறைக்கு உகந்த மாதிரி ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டபோது, சுழலியின் நிலைத்தன்மைக்குக் குறுக்குத் தண்டு ஒன்று தேவைப்பட்டது. இன்று அந்த வேலையைத் தீப்பெட்டியைவிடச் சிறிய மின்னணுப் பெட்டி செய்கிறது. அதனுள் இருக்கும் நுண்ணிய கைரோ உணரி, கருவியின் ஒவ்வோர் அசைவையும் அளந்து செர்வோக்களுக்கு ஆணையிடுகிறது. இந்த உணரிச் சில்லுகளும் வெளிநாட்டிலிருந்து வருபவையே.

வானொலித் தொடர்பைப் பொருத்தவரை நிலைமை எளிது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த சக்தியுள்ள கருவிகளை உரிமமின்றிப் பயன்படுத்த 2005-லேயே விதிகள் வகுக்கப்பட்டன. இருப்பினும் தொடர்பு அறுந்தால் மோட்டார் தானாக நிற்கும்படி ரிசீவரில் முன்கூட்டியே அமைப்பது கட்டுபவரின் கடமை.

விளையாட்டு அல்ல

நிமிடத்துக்கு 2,400 முறை சுழலும் 70 சென்டிமீட்டர் சுழலியின் முனை, மணிக்கு 315 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்கிறது. 30 கிராம் எடையுள்ள ஓர் இறக்கை, தன்னைப் பிடித்திருக்கும் திருகை ஏறத்தாழ 38 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் வெளிநோக்கி இழுக்கிறது. 2013-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பூங்கா ஒன்றில், தான் இயக்கிய பெரிய மாதிரி ஹெலிகாப்டரே தாக்கி 19 வயது இளைஞர் உயிரிழந்தார். அவர் கத்துக்குட்டி அல்லர், தேர்ந்தவர்.

எனவே கட்டும் வரிசையிலேயே எச்சரிக்கை வேண்டும். உலோகத்தோடு உலோகம் சேரும் ஒவ்வொரு திருகிலும் பூட்டுப் பசை இட வேண்டும். பிளாஸ்டிக் பாகங்களில் அதை இடக் கூடாது. இரு இறக்கைகளும் ஒரே எடையில் இருக்கின்றனவா எனச் சமன் பார்க்க வேண்டும். செர்வோக்களைச் சரி செய்யும்போது மோட்டாரின் மின் இணைப்பைத் துண்டித்தே வைக்க வேண்டும். ஒருமுறை தரையில் மோதிய இறக்கை வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மீண்டும் பயன்படுத்தத் தக்கதல்ல. முதல் ஓட்டத்தின்போது பத்து மீட்டருக்கு மேல் விலகி நிற்பதும், அருகில் எவரையும் அனுமதிக்காததும் கட்டாயம்.

பறக்கும் இடத்தையும் சட்டம் வரையறுத்திருக்கிறது. வரைபடத்தில் பச்சை மண்டலமாகக் குறிக்கப்பட்ட இடங்களில் 400 அடி உயரம் வரை முன் அனுமதி தேவையில்லை. விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையிலான பகுதியில் இந்த உயரம் 200 அடியாகச் சுருங்குகிறது. சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்க முடியாது. விதிகளை மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

பொம்மையா, ட்ரோனா?

2022 பிப்ரவரி 9-ல் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம், முழுமையாகவோ பகுதியாகவோ முற்றிலுமாகவோ கழற்றிய நிலையிலும்கூட ட்ரோன்களை இறக்குமதி செய்யத் தடை விதித்தது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. அதே அறிவிப்பு, உதிரிபாகங்களைக் கொண்டுவர எந்த அனுமதியும் தேவையில்லை என்றும் கூறியது. சுங்க அட்டவணையோ, பொழுதுபோக்குக்காக மட்டுமே வடிவமைக்கப்பட்ட பறக்கும் மாதிரிகளை ஆளில்லா வானூர்தி என்ற தலைப்பிலிருந்து நீக்கி, பொம்மைகளின் தலைப்பில் வைத்திருக்கிறது. பொம்மைகள் மீதான சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023-ல் 70 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. ஒரே பொருள், ஒரு கண்ணுக்குத் தடை செய்யப்பட்ட ட்ரோன். இன்னொரு கண்ணுக்கு வரி மிகுந்த பொம்மை. கழற்றித் தனித்தனியாக அனுப்பினால் தாராளமாக வரக்கூடிய உதிரிபாகம்.

இந்த ஏற்பாட்டின் நோக்கம் உள்நாட்டில் கட்டுவதை ஊக்குவிப்பதுதான். 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட 120 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டமும், குறைந்தபட்சம் 40 சதவீத மதிப்புக் கூட்டல் உள்நாட்டில் நிகழ வேண்டும் என நிபந்தனை விதித்தது. ஆனால் பாகங்களை வரவழைத்துத் திருகு முடுக்குவது மட்டுமே தற்சார்பு ஆகிவிடாது. சுமார் 230 கோடி ரூபாய் மதிப்பில் 400 ட்ரோன்களை ராணுவத்துக்கு வாங்கும் ஒப்பந்தங்கள், அவற்றில் சீன பாகங்கள் இருப்பது குறித்த கவலையால் ரத்து செய்யப்பட்டதாக 2025 பிப்ரவரியில் செய்தி வெளியானது. மாணவரின் மேஜையில் இருக்கும் அதே கேள்விதான், பெரிய அளவில், பாதுகாப்பு அமைச்சகத்தின் மேஜையிலும் இருக்கிறது.

பாகங்களின் பட்டியலை ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் விடையின் ஒரு பகுதி தெரியும். கார்பன் இழைத் தகட்டை வெட்டிச் சட்டகம் செய்யலாம். பற்சக்கரங்களையும் அச்சுகளையும் கடையலாம். மின்சுற்றுப் பலகையை வடிவமைத்து, அதற்கான மென்பொருளை எழுதலாம். இவை இந்தியப் பட்டறைகளால் இயலாதவை அல்ல. காந்தம், செல், சில்லு ஆகிய மூன்றுக்குத்தான் பெரும் முதலீடும் நீண்ட காலமும் தேவை. முதல் வகையைச் செய்யத் தெரிந்த கைகள் பெருகினால்தான் இரண்டாம் வகைக்கு உள்நாட்டுச் சந்தை உருவாகும்.

1934-ம் ஆண்டின் வானூர்திச் சட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் நிறைவேற்றிய பாரதிய வாயுயான் அதிநியம் 2025 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது. ட்ரோன்களுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவரும் நோக்கில், வரைவு மசோதா ஒன்று 2025 செப்டம்பரில் பொதுமக்களின் கருத்துக்காக வெளியிடப்பட்டது. பதிவு, தகுதிச் சான்று, காப்பீடு ஆகியவற்றை வலியுறுத்திய அந்த வரைவு, விதிமீறலுக்குச் சிறைத் தண்டனை விதிக்கவும் இடமளித்ததால் ட்ரோன் துறையினரின் விமர்சனத்துக்கு உள்ளானது. எல்லை தாண்டி ஆயுதமும் போதைப்பொருளும் கொண்டுவரப் பறக்கும் கருவிகள் பயன்படும் காலத்தில் கண்காணிப்பு வேண்டாம் என எவரும் சொல்ல முடியாது. ஆனால் கடத்தல்காரரையும், 11 பற்களா 13 பற்களா எனக் கணக்குப் போடும் மாணவரையும் பிரித்தறிய முடியாத சட்டம், முதலாமவரைத் தடுப்பதற்கு முன் இரண்டாமவரைத் தடுத்துவிடும்.

2021 விதிகளில் மாதிரி வானூர்திகளுக்கு அளிக்கப்பட்ட விலக்கு இரண்டொரு வரிகளில் அடங்குவது. எதிர்காலத்தில் எந்தச் சட்டம் வந்தாலும் அந்த வரிகள் அதில் இடம்பெறுகின்றனவா என்பதை நாடாளுமன்ற உறுப்பினர்கள் கவனித்துப் பார்ப்பது நல்லது.